ஊர் வாய்: ஒரு பென்னி வரலாறு

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்று நம் பக்கம் கேட்பார்கள். 1675ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் தேதி இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ் மூடிப் பார்த்தார். நாட்டில் உள்ள காபிக் கடைகள் எல்லாம் வரும் ஜனவரி 10ஆம் தேதியிலிருந்து இயங்கக் கூடாது என்று ஒரு பிரகடனம். அதில் சொல்லப்பட்ட காரணம், இன்றைக்கும் வீட்டுப் பெரியவர்கள் யாராவது சொல்லக்கூடிய காரணம்தான். வேலைவெட்டி இல்லாதவர்கள் அங்கே கூடுகிறார்கள், வேலை இருக்கிறவர்களும் வேலையை விட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறார்கள், பொய்யும் புரட்டுமாக வதந்தி கிளம்புகிறது, அரசாங்கத்தின் பெயர் கெடுகிறது.

அரசருக்கு ஏன் இவ்வளவு கோபம்? அவருடைய அப்பா முதலாம் சார்லஸை 1649இல் விசாரணை நடத்தித் தலையை வெட்டியிருந்தார்கள். ஊர் பேசுவது என்பது அவருக்குப் பொழுதுபோக்காகத் தெரியாது. அது அவர் வீட்டுத் துக்கம்.

ஆனால் ஆணை நிற்கவில்லை. கடைக்காரர்களிடமிருந்தும் வணிகர்களிடமிருந்தும் எதிர்ப்பு கிளம்பியது. கடை மூட வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னால், ஜனவரி 8ஆம் தேதி, இன்னொரு பிரகடனம் வந்தது. சில நிபந்தனைகளோடு இன்னும் சில மாதம் நடத்திக்கொள்ளலாம். அந்தச் சில மாதம் அப்படியே நூற்றாண்டுகளாக நீண்டது.

தினமும் கண்ணில் படுகிற விநோதச் செய்திகளுக்கும், ‘இது ஏன் இப்படி?’ என்கிற சில்லறைச் சந்தேகங்களுக்கும் ஆளாளுக்கு ஒரு கருத்து சொல்கிறோமே, அது சும்மா வந்த உரிமை இல்லை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றிலிருந்து இரண்டு கதைகளை மட்டும் இங்கே சொல்கிறேன். முதல் கதை சந்தோஷமானது. இரண்டாவதும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும்.

1

லண்டனில் முதல் காபிக் கடை 1652இல் வந்தது. கார்ன்ஹில் பகுதியில் செயின்ட் மைக்கேல்ஸ் சந்தில் அதைத் தொடங்கியவர் பாஸ்குவா ரோசி. துருக்கி நாட்டு வணிகம் செய்துவந்த டேனியல் எட்வர்ட்ஸ் என்பவரிடம் வேலை பார்த்தவர். முதலாளி வீட்டுக்குக் காபி குடிக்க வரும் நண்பர்கள் கூட்டம் தாங்க முடியாமல்தான் தனியாகக் கடை போட்டுக்கொடுத்தார்கள் என்று ஒரு கதை.

இந்தக் கடைகளில் விசேஷம் காபி இல்லை. ஒரு பென்னி கொடுத்தால் உள்ளே போய் உட்காரலாம். மேசைமேல் செய்தித்தாள் கிடக்கும், துண்டுப் பிரசுரம் கிடக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பிரபுவாகவும் இருக்கலாம், கப்பல் குமாஸ்தாவாகவும் இருக்கலாம். யாரோடும் பேசலாம். அதனாலேயே ‘பென்னிப் பல்கலைக்கழகம்’ என்று ஒரு பட்டப்பெயர் வந்தது. நம்மூர் டீக்கடை பெஞ்சில் ஒரே தினசரியைத் தாள் தாளாகப் பிரித்து நாலு பேர் படிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தச் சமத்துவத்துக்கு ஒரு வேலி இருந்தது. கடை நடத்துபவர்களில் பெண்கள் உண்டு, வாடிக்கையாளராகப் பெண்கள் வந்து உட்கார்ந்து விவாதிக்கிற வழக்கம் அநேகமாக இல்லை. அப்புறம், ஆண்களே ஆனாலும், நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து கேட்க முடியாத கேள்விகள் எல்லோரிடமும் இருக்குமில்லையா? படிக்காதவன் என்று தெரிந்துவிடுமோ என்ற கூச்சம். பாவம் செய்தவன் என்று தெரிந்துவிடுமோ என்ற பயம்.

இந்த இரண்டு பிரச்சினைக்கும் ஒரே வழியைக் கண்டுபிடித்தவர் ஜான் டன்டன். லண்டனில் புத்தகம் போட்டு விற்றவர். கொஞ்சம் கிறுக்கு, நிறையக் கடன், எப்போதும் ஏதாவது ஒரு புதுத் திட்டம். ஒருநாள் செயின்ட் ஜார்ஜ் மைதானத்தில் நண்பர்களோடு நடந்துகொண்டிருந்தபோது யோசனை உதித்தது என்றும், ஐம்பது கினி கொடுத்தாலும் அதை விற்க மாட்டேன் என்று அங்கேயே சொன்னதாகவும் பின்னால் தன் வாழ்க்கைக் கதையில் எழுதுகிறார். யோசனை இதுதான்: யார் வேண்டுமானாலும் எதைப் பற்றி வேண்டுமானாலும் கேள்வி அனுப்பலாம். பதில் அச்சில் வரும். கேட்டவர் யார் என்பது யாருக்கும் தெரியாது.

1691 மார்ச் 17ஆம் தேதி முதல் இதழ் வந்தது. ‘அத்தீனியன் கெசட்’ என்று தொடங்கி, அரசாங்க இதழான ‘லண்டன் கெசட்’டின் பெயரோடு மோதுகிறது என்பதால் சீக்கிரமே ‘அத்தீனியன் மெர்க்குரி’ என்று மாறியது. ஒரே தாள், இரண்டு பக்கமும் அச்சு, விலை ஒரு பென்னி. ஏதென்ஸ் நகரத்துக்காரர்கள் புதிதாக எதையாவது கேட்பதிலும் சொல்வதிலுமே பொழுதைக் கழித்தார்கள் என்று பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிறது. அங்கே அது குறையாகச் சொல்லப்பட்டது. டன்டன் அதையே எடுத்துப் பெயர்ப்பலகையில் மாட்டிவிட்டார்.

கேள்வி எப்படி அனுப்புவது? 1680இல் வில்லியம் டாக்ரா என்பவர் லண்டனுக்குள் பென்னித் தபால் தொடங்கியிருந்தார். ஒரு பென்னி கட்டினால் நகரத்துக்குள் எங்கேயும் கடிதம் போகும். ஒரு நாளைக்குப் பல தடவை பட்டுவாடா. இரண்டே வருடத்தில் அரசாங்கம் அதைத் தன்வசம் எடுத்துக்கொண்டது என்றாலும் சேவை நிற்கவில்லை. போல்ட்ரி தெருவில், ஸ்டாக்ஸ் மார்க்கெட் பக்கம், ஸ்மித் என்பவரின் காபிக் கடைக்குக் கடிதம் போட்டால் போதும். பெயர் எழுத வேண்டாம்.

பதில் சொல்வது ‘அத்தீனியன் சங்கம்’. இறையியல், மருத்துவம், கணிதம், சட்டம் என்று எல்லாத் துறையிலும் கரைகண்ட பன்னிரண்டு அறிஞர்கள் திரைக்குப் பின்னால் இருப்பதுபோல ஒரு படம்கூடப் போட்டார்கள். உண்மையில் இருந்தது மூன்று பேர். டன்டன், கணக்கு வாத்தியார் ரிச்சர்ட் சால்ட், டன்டனின் சகலை சாமுவேல் வெஸ்லி. (மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கினாரே ஜான் வெஸ்லி, அவருடைய அப்பா.) நாரிஸ் என்று ஒருவர் அவ்வப்போது கைகொடுத்தார். அவ்வளவுதான் சங்கம். ஆனால் ஊர் நம்பியது. ஜொனாதன் ஸ்விஃப்ட் இந்தச் சங்கத்தைப் புகழ்ந்து ஒரு நீண்ட பாட்டு எழுதி அனுப்பினார். 1692இல் அச்சான அதுதான் அவருடைய முதல் படைப்பு. உலகத்தையே கேலி செய்யப்போகிற ஆள், இருபத்துநாலு வயதில் மூன்று பேரைப் பன்னிரண்டு பேர் என்று நம்பி ஏமாந்திருக்கிறார்.

2

என்னவெல்லாம் கேட்டார்கள்? ஒரு பட்டியல் போட்டுப் பார்க்கலாம்.

கடல் ஏன் உப்பாக இருக்கிறது? நோவா காலத்து வெள்ளம் வடிந்த பிறகு அந்தத் தண்ணீர் எல்லாம் எங்கே போனது? ஆதாமும் ஏவாளும் அத்தி இலையைத் தைத்து உடுத்திக்கொண்டார்கள் என்கிறீர்களே, ஊசி நூல் எங்கிருந்து வந்தது? குதிரையின் ஆசனவாய் வட்டம், சாணம் மட்டும் எப்படிச் சதுரமாக விழுகிறது?

சிரிப்பு வருகிறது. ஆனால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்க. ஆதாமின் ஊசியைப் பற்றிக் கேட்டவர் நையாண்டிக்காகக் கேட்டாரா, நிஜமான சந்தேகத்தில் கேட்டாரா, சொல்ல முடியாது. இரண்டுமாக இருக்கலாம். பாதிரியார் முன்னால் இதைக் கேட்க முடியாது. காபிக் கடையில் கேட்டால் ஒன்று சிரிப்பார்கள், இல்லை நாத்திகன் என்பார்கள். பென்னித் தபாலில் கேட்கலாம்.

இந்தப் பட்டியலுக்கு நடுவில் வேறு மாதிரிக் கேள்விகளும் வந்தன. கணவன் மனைவியை அடிப்பது நியாயமா? பெண்கள் படிப்பது சரியா? கல்யாணத்துக்கு முன்னால் கொடுத்த வாக்கு, மனதை அரிக்கும் ஏதோ ஒரு பழைய தப்பு என்று வீட்டு விவகாரங்கள் வந்துகொண்டே இருந்தன. குதிரைச் சாணத்துக்குப் பதில் சொன்ன அதே தாளில், அதே எழுத்தில், இதற்கும் பதில்.

தொடங்கிய கொஞ்ச நாளிலேயே ஒரு பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது. ஆண்களைப்போலப் பெண்களும் உங்களுக்குக் கேள்வி அனுப்பலாமா? அனுப்பலாம் என்று சங்கம் பதில் சொன்னது. அதோடு நிற்காமல், மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை இதழைப் பெண்களின் கேள்விகளுக்கு ஒதுக்கியது. 1693இல் ‘லேடீஸ் மெர்க்குரி’ என்று பெண்களுக்காகவே ஒரு தனித் தாளும் வந்து நாலு வாரத்தில் நின்றுபோனது. காபிக் கடைக்குள் உட்கார முடியாதவர்களின் கேள்வி காபிக் கடை மேசைமேல் போய் உட்கார்ந்தது. உள்ளே இருந்த ஆண்கள் அதை உரக்கப் படித்தார்கள்.

இதை ரொம்பப் புனிதமாக்கவும் வேண்டாம். பதில்கள் பல நேரம் பழமைவாதம். சில நேரம் வெறும் ஜம்பம். டன்டனுக்கு இது வியாபாரம், கேள்வி அனுப்பியவர் தன் கேள்வி வந்திருக்கிறதா என்று பார்க்கவாவது ஒரு பென்னி கொடுத்து வாங்குவார் இல்லையா! ஆறே வருடம், நடுவில் ஒரு இடைவெளி, 1697இல் கடை மூடியாகிவிட்டது. ஆனால் அந்த ஆறு வருடத்தில் ஆயிரக்கணக்கான கேள்விகள் அச்சேறின.

நான் இதில் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான். திரை யாருக்கு இருந்தது? கேட்டவருக்கு இருந்தது, பதில் சொன்னவருக்கும் இருந்தது. பேசுபொருள் பெரும்பாலும் கடல், குதிரை, நோவா. மனிதர்கள் பேசுபொருளானபோதும் அவர்கள் பெயரில்லாதவர்கள். ‘ஒரு பெண்’, ‘ஒரு கனவான்’, அவ்வளவுதான். யாரையும் ஊர் விரல் நீட்டிக் காட்ட முடியாது.

3

முப்பது வருடம் தள்ளிப் போவோம். இதற்குள் லண்டன் நிறைய மாறிவிட்டது. அச்சுக்கு முன்அனுமதி வாங்க வேண்டும் என்ற சட்டம் 1695இல் காலாவதியாகிவிட்டது. 1702இல் முதல் தினசரி வந்தாயிற்று. வாசகர் கடிதம் என்பது பழகிப்போன விஷயம். 1713இல் ஜோசப் அடிசன் பட்டன் என்பவரின் காபிக் கடையில் சிங்கத் தலை வடிவில் ஒரு பெட்டியே வைத்தார், கடிதத்தை அதன் வாயில் போட வேண்டும். ஊர் வாய்க்கு இப்போது நிஜமாகவே ஒரு வாய்.

1726 இலையுதிர் காலம். லண்டனுக்குத் தென்மேற்கே சர்ரே மாவட்டத்தில் கோடால்மிங் என்றொரு சிற்றூர். துணி நெசவை நம்பி வாழ்ந்து, அந்தத் தொழில் நொடித்துக்கொண்டிருந்த ஊர். அங்கே மேரி டாஃப்ட் என்ற ஏழைப் பெண். இருபத்தைந்து வயதுக்குள். கணவர் ஜோஷுவா துணித் தொழிலில் கூலி. எழுதப் படிக்கத் தெரியாது. ஏற்கெனவே குழந்தைகள் உண்டு. அந்த ஆகஸ்ட் மாதம் கரு கலைந்திருந்தது.

செப்டம்பர் கடைசியில் அவளுக்குப் பிரசவ வலி வந்தது என்றும், வெளியே வந்தது குழந்தை இல்லை, ஏதோ மிருகத்தின் துண்டங்கள் என்றும் பேச்சு கிளம்பியது. பக்கத்து ஊர் கில்ஃபோர்டிலிருந்து ஜான் ஹோவர்ட் என்கிற பிரசவ மருத்துவர் வந்து பார்த்தார். முப்பது வருட அனுபவசாலி. அவர் கையிலேயே முயல் துண்டங்கள் வந்தன. ஒன்று இல்லை, அடுத்தடுத்து. அவர் லண்டனில் இருந்த பெரிய மனிதர்களுக்குக் கடிதம் எழுதினார்.

நவம்பர் நடுவில் அரண்மனையிலிருந்தே ஆட்கள் வந்தார்கள். அரசர் முதலாம் ஜார்ஜின் அறுவை மருத்துவர்களில் ஒருவரான நத்தானியல் செயின்ட் ஆந்த்ரே, இளவரசரின் செயலாளர் சாமுவேல் மொலினக்ஸ். அவர்கள் முன்னாலேயே இன்னொரு முயல் ‘பிறந்தது’. செயின்ட் ஆந்த்ரே முழுசாக நம்பிவிட்டார். அடுத்து அரசர் அனுப்பிய சிரியாகஸ் ஆலர்ஸ் என்பவருக்குச் சந்தேகம். துண்டங்களை எடுத்துப் பரிசோதித்தால் உள்ளே வைக்கோலும் தானியமும் இருக்கிறது. வயிற்றுக்குள் வளர்ந்த முயல் வைக்கோல் தின்னுமா?

படித்தவர்கள் எப்படி நம்பினார்கள் என்று கேட்கலாம். கர்ப்பிணி எதைப் பார்த்து மிரள்கிறாளோ, எதற்கு ஏங்குகிறாளோ, அது கருவில் பதியும் என்பது அன்றைக்கு மருத்துவப் புத்தகங்களிலேயே இருந்த கருத்து. மேரியும் அப்படித்தான் சொன்னாள்: வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு முயல் துள்ளி ஓடியது, துரத்தினேன், கிடைக்கவில்லை, அதிலிருந்து முயல் நினைப்பாகவே இருந்தது. கிரகணத்தன்று கர்ப்பிணியைக் கதவைச் சாத்தி உள்ளே உட்கார வைக்கிற வீடுகள் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. நாம் அவர்களைப் பார்த்து அதிகம் சிரிக்க முடியாது.

நவம்பர் 19ஆம் தேதி ‘மிஸ்ட்ஸ் வீக்லி ஜர்னல்’ இதழில் செய்தி வந்தது. அதற்குப் பிறகு லண்டனில் வேறு பேச்சே இல்லை என்று சொல்லலாம். நவம்பர் 29ஆம் தேதி மேரியை நகரத்துக்குக் கொண்டுவந்து லெஸ்டர் ஃபீல்ட்ஸ் பகுதியில் லேசி என்பவரின் குளியல் விடுதியில் தங்க வைத்தார்கள். மருத்துவர்கள், பிரபுக்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று அறை முழுக்கக் கூட்டம். இங்கே முயல் எதுவும் பிறக்கவில்லை. அவளுக்குக் காய்ச்சலும் வலிப்பும்தான் வந்தன.

டிசம்பர் 4ஆம் தேதி விடுதிச் சிப்பந்தி ஒருவர் உண்மையைச் சொன்னார். ரகசியமாக ஒரு முயல் வாங்கிவரச் சொல்லித் தன்னிடம் கேட்டார்கள் என்று. அப்போதும் மேரி ஒப்புக்கொள்ளவில்லை. சர் ரிச்சர்ட் மேனிங்ஹாம் என்கிற மருத்துவர், உன் உடம்பு மற்றப் பெண்களின் உடம்பு மாதிரிதானா என்று பார்க்க வேண்டியிருக்கிறது, வலிமிகுந்த ஒரு சோதனை செய்யப்போகிறோம் என்று மிரட்டினார். டிசம்பர் 7ஆம் தேதி அவள் ஒப்புக்கொண்டாள். முயல் துண்டங்களை உடம்புக்குள் வைத்துத்தான் இத்தனையும் நடந்தது.

4

சரி, இப்போது ஊர் வாய் என்ன செய்தது என்று பார்ப்போம்.

வில்லியம் ஹோகார்த் ஒரு படம் செதுக்கினார். கட்டிலில் மேரி வலியில் துடிக்கிறாள், முயல்கள் தரையில் ஓடுகின்றன, மருத்துவர்கள் சுற்றி நின்று அதிசயிக்கிறார்கள். அலெக்ஸாண்டர் போப்பும் அரசியல்வாதி வில்லியம் புல்ட்னியும் சேர்ந்து ஒரு கேலிப் பாட்டு எழுதினார்கள். அதில் எழுதியவர் பெயர் கிடையாது. அந்த அக்டோபரில்தான் ‘கலிவரின் பயணங்கள்’ வெளியாகி ஊரெல்லாம் அதே பேச்சு. உடனே செயின்ட் ஆந்த்ரேயைக் கிழித்து ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது, எழுதியவர் லெமுவேல் கலிவர் என்று போட்டு! மேரியே எழுதிய வாக்குமூலம், அவளுடைய சொந்த நடையிலும் சொந்த எழுத்துப் பிழைகளோடும் என்று சொல்லிக்கொண்டு இன்னொரு பிரசுரம். எழுதவே தெரியாத ஒருத்தியின் எழுத்துப் பிழையை நையாண்டி செய்து ஒரு புத்தகம்.

இது லண்டனுக்கு மட்டுமான குணம் இல்லை. சென்னை குஜிலிக் கடையில் காலணா அரையணாவுக்கு விற்ற கொலைச் சிந்துகளும் இதே ரகம்தான். ஆ.இரா. வேங்கடாசலபதி தொகுத்த ‘முச்சந்தி இலக்கியம்’ நூலைப் புரட்டினால், ஒரு வீட்டின் துயரம் எவ்வளவு சீக்கிரத்தில் தெருவின் மெட்டாக மாறும் என்பது தெரியும்.

மருத்துவர்களும் சும்மா இருக்கவில்லை. செயின்ட் ஆந்த்ரே தன் தரப்பை அச்சிட்டார். ஆலர்ஸ் தன் அவதானிப்புகளை அச்சிட்டார். மேனிங்ஹாம் நாட்குறிப்பாக அச்சிட்டார். அதில் தன்னைப் பற்றி வந்த சில வரிகள் பிடிக்காமல் ஜேம்ஸ் டக்ளஸ் தனியாக ஒரு விளக்கம் அச்சிட்டார். ஆளுக்கொரு பிரசுரம். ஒவ்வொன்றும் ‘நான் முட்டாள் இல்லை’ என்று நிரூபிக்க எழுதப்பட்டது.

உருப்படியாகவும் ஒன்று நடந்தது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. 1727இல் ஜேம்ஸ் ப்ளாண்டல் என்கிற மருத்துவர், தாயின் எண்ணம் கருவின் உருவத்தை மாற்றும் என்பது கட்டுக்கதை என்று வாதிட்டு எழுதினார். அதற்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு என்று வருடக்கணக்கில் விவாதம் போனது. ஒரு மூடநம்பிக்கையை அச்சில் வைத்து எல்லோரும் பார்க்கும்படி அடித்துத் துவைக்க முடிந்தது. 1675இல் காபிக் கடைகளை மூடியிருந்தால் இது நடந்திருக்குமா? ஊர் பேச வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான நியாயம்.

ஆனால் அந்தத் திரை இப்போது யார் பக்கம் இருக்கிறது என்று பாருங்க. பாட்டு எழுதியவருக்குத் திரை. பிரசுரம் எழுதியவருக்குப் புனைபெயர். கடையில் உட்கார்ந்து சிரித்தவர்களுக்குக் கூட்டம் என்கிற திரை. எல்லோருக்கும் நடுவில் பெயரோடு, ஊரோடு, கணவன் பெயரோடு, கர்ப்பப்பையின் விவரத்தோடு நின்றது ஒரே ஒருத்தி. டன்டன் கண்டுபிடித்த திரை, வெட்கப்பட்டுக் கேள்வி கேட்கிறவரைக் காப்பாற்றுவதற்காக வந்தது. முப்பத்தைந்து வருடத்தில் அது கல் எறிகிறவரைக் காப்பாற்றுவதாக மாறிவிட்டது. கருவி அதேதான். அதைப் பிடித்த கைதான் வேறு.

5

இந்தக் கதையை முதலில் படித்தபோது நானும் சிரித்தேன். வைக்கோல் தின்ற முயல், ஏமாந்த ராஜ வைத்தியர், சிரிக்காமல் எப்படி? சிரிப்பு நின்றது மேரியின் வாக்குமூலங்களைப் பற்றிப் படித்தபோது. வாக்குமூலம் ஒன்று இல்லை, மூன்று. டக்ளஸ் தன் கையால் எழுதிவைத்த அந்தத் தாள்கள் இன்றும் கிளாஸ்கோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.

மூன்றிலும் கதை மாறுகிறது. ஒன்றில் வழிப்போக்கரான ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள் என்கிறாள். இப்படிச் செய்தால் காலம் முழுக்கப் பஞ்சமில்லாமல் பிழைக்கலாம் என்ற ஆசை காட்டப்பட்டதாக வருகிறது. இன்னொன்றில் மாமியார் பெயர் அடிபடுகிறது, ஹோவர்டின் பெயரும் வருகிறது. எது நிஜம் என்று முடிவுகட்ட வழியில்லை. ஆனால் மூன்றிலும் மாறாமல் இருப்பது வலி. கரு கலைந்து அதிக நாள் ஆகாத உடம்பு. அதற்குள் எலும்பும் நகமும் உள்ள துண்டங்கள். சுற்றி நின்று பார்த்த ஆண்கள். ஊருக்கு இது விநோதச் செய்தி. அவளுக்கு அது உடம்பு.

அவளை டாட்ஹில் ஃபீல்ட்ஸில் இருந்த பிரைட்வெல் சிறையில் அடைத்தார்கள். அங்கேயும் கூட்டம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஜான் லகேர் வரைந்த ஓவியத்தில் அவள் மடியில் ஒரு முயலோடு உட்கார்ந்திருக்கிறாள். 1727 ஏப்ரலில் விட்டுவிட்டார்கள். எந்தச் சட்டத்தின் கீழ் அவளைத் தண்டிப்பது என்பதே தெளிவாக இல்லை.

செயின்ட் ஆந்த்ரே அரண்மனைச் செல்வாக்கை இழந்தார். ஆனால் சில வருடத்தில், இறந்துபோன மொலினக்ஸின் பணக்கார மனைவியைத் திருமணம் செய்துகொண்டார். ஹோவர்ட் கில்ஃபோர்டில் தன் தொழிலைத் தொடர்ந்தார். போப் போப்பாகவே இருந்தார். ஹோகார்த் இன்னும் பெரிய ஹோகார்த் ஆனார். மேரி கோடால்மிங்குக்கே திரும்பிப் போனாள். போவதற்கு வேறு ஊர் ஏது?

தமிழில் ‘பெயர் போனவர்’ என்றால் புகழ் பெற்றவர். அந்தச் சொல்லுக்குள் பெயர் தொலைந்துபோனதும் ஒளிந்திருக்கிறது என்று மேரியைப் படிக்கும்போது தோன்றியது. அவள் 1763 ஜனவரியில் இறந்தாள். அதற்குள் முப்பத்தாறு வருடம் ஓடிவிட்டது. சிரித்தவர்களில் பாதிப்பேர் செத்துப்போயிருப்பார்கள். காபிக் கடைகள் ஆயிரம் புதுச் செய்திகளை மென்று துப்பியிருக்கும். ஆனாலும் கோடால்மிங் திருச்சபையின் அடக்கப் பதிவேட்டில் எழுதியவர், மேரி டாஃப்ட், விதவை என்பதோடு நிறுத்தவில்லை. முயல் மோசடிக்காரி என்பதையும் பக்கத்தில் சேர்த்துவிட்டுத்தான் பேனாவைக் கீழே வைத்தார். அவர் ஒன்றும் கவிஞர் இல்லை, கேலிச் சித்திரக்காரர் இல்லை. ஊரில் எல்லோரும் சொல்வதைத்தான் எழுதினார். அவருடைய பெயரும் அந்த வரியில் இல்லை.

காபிக் கடையை மூடச் சொன்ன அரசர் பக்கம் நான் போக மாட்டேன். குதிரைச் சாணம் ஏன் சதுரமாக இருக்கிறது என்று கேட்க ஓர் இடம் வேண்டும். என் புருஷன் என்னை அடிக்கலாமா என்று கேட்கவும் அதே இடம் வேண்டும். முதல் கேள்வியைப் பார்த்துச் சிரிக்கிற ஊரில் இரண்டாவது கேள்வி வெளியே வராது. ஆனால் விநோதச் செய்தி ஒன்று கையில் வந்து, வாய் நுனியில் ஒரு கருத்து தயாராக இருக்கும்போது, இப்போதெல்லாம் நான் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கதையில் பெயர் தெரிகிற ஆள் யார்? பேசுகிற நானா, பேசப்படுகிற அவரா?

டன்டன் தன் தாளுக்கு வாங்கியது ஒரு பென்னி. கருத்து சொல்வதற்கு அவ்வளவுதான் செலவு. மேரி கொடுத்த விலையைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.